ஞாயிற்றுக்கிழமைச் சாயங்கால வயிறு

சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கோவை வண்டியில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கொடுத்தனுப்பிய தூக்குப்போசி, காதில் ஒயர். முக்கால்வாசிப் பேருக்கு வயது இருபத்திரண்டிலிருந்து இருபத்தேழுக்குள் இருக்கும். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம் கடந்து சரவணம்பட்டி வரும்போது பாதி வண்டி காலியாகிவிடும். சத்தி ரோடு என்றால் முன்பெல்லாம் மைசூர் போகிற லாரிகள்தான் நினைவுக்கு வரும். இப்போது அது கணினி நிறுவனங்களுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரோடு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து சீட்டுக்கு வந்தவன் பவானி ஆற்றங்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த பையன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கரில் மல்லிகை. வண்டி புறப்படுவதற்குள் இரண்டு தடவை இறங்கிக் கழிவறைக்குப் போய் வந்தான். என்ன தம்பி, உடம்புக்கு முடியலையா என்று கேட்டதில் பேச்சு ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, எண்டோஸ்கோப்பி பார்த்தாகிவிட்டது, எல்லாம் நார்மல். கேஸ் மாத்திரை மட்டும் மூன்று மாதமாக ஓடுகிறது.

"அம்மா மெஸ் சாப்பாடுதான் காரணங்கறாங்க. ஆனா சனிக்கெழம பூரா நல்லாத்தான் இருக்கறனுங்ண்ணா. ஞாயித்துக்கெழம பொழுது எறங்குனாத்தான் வயித்தப் பெசையுது."

அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மெயிலில் வருமாம். மதியம் இரண்டு மணி ஷிப்டா, அமெரிக்காக்காரன் நேரத்துக்கு ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதா என்பது அதுவரை தெரியாது.

வயிற்றுக்கு நாள், கிழமை தெரியாது. தெரிந்தது மூளைக்கு. மூளையின் அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி, பாதாம்பருப்பு அளவுதான். ஆபத்து வருகிறது என்று மூளை கணித்துவிட்டால் ஹைப்போதலாமஸ் தனக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரிக்கு ஒரு வேதிப்பொருள் மூலம் சேதி அனுப்பும். பிட்யூட்டரி அதை ரத்தத்தின் வழியே சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குத் தள்ளிவிடும். அட்ரினல், கார்டிசோலை இறக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அவசரமில்லாத வேலைகள் ஒத்திப்போடப்படும். இரைப்பை காலியாவது மந்தமாகும், பெருங்குடலோ வேகம் பிடிக்கும். மேல் வயிறு கனக்க, கீழ் வயிறு கழிவறையைத் தேட, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது இதனால்தான். ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு அனுப்புகிற அதே வேதிப்பொருளுக்குக் குடலிலும் வேலை உண்டு. எண்டோஸ்கோப்பியில் இது தெரியாது. அதில் தெரிவது புண். இங்கே புண் எதுவும் இல்லை.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் யானை எதிரே நின்றால் இந்த ஏற்பாடு நம்மைக் காப்பாற்றும். யானை ஒதுங்கிக் காட்டுக்குள் இறங்கியதும், ரத்தத்தில் ஏறிய கார்டிசோலே மூளைக்குத் திரும்பிப் போய் "போதும், நிறுத்து" என்று சொல்லிவிடும். கால் மணி நேரம் கை நடுங்கும், ஆசனூரில் ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும். உடம்பு இந்த அளவு ஆபத்துக்குத்தான் பழகியிருக்கிறது. வாரா வாரம் வருகிற திங்கட்கிழமைக்கு அல்ல.

நாள்பட்ட நெருக்கடி உடம்பை என்ன செய்யும் என்பதை முதலில் கண்டவர் ஹான்ஸ் செல்யே. மாண்ட்ரியாலில் எலிகளுக்கு விதவிதமான சாறுகளை ஊசி போட்டு ஹார்மோன் தேடிக்கொண்டிருந்தார். எதைப் போட்டாலும், குளிரில் விட்டாலும், களைக்கும்வரை ஓடவிட்டாலும் எலிகளின் உடம்புக்குள் ஒரே கதைதான்: அட்ரினல் வீங்கியிருந்தது, நோயெதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியிருந்தது, வயிற்றில் புண். 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சின்னக் கடிதத்தில் இதைச் சொன்னார். (வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஒரு பாக்டீரியா என்று பிற்பாடு தெரிந்து, அதைக் கண்டவர்களுக்கு 2005இல் நோபல் கிடைத்தது. ஆனாலும் "டென்ஷனானா அல்சர் வரும்" என்பதை நம் ஊர்களில் யாரும் விட்டபாடில்லை.) 1968இல் புரூஸ் மெக்வென் இன்னொன்றைக் காட்டினார். அட்ரினல் இறக்கும் இந்த நெருக்கடி ஹார்மோன் மூளையில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஹிப்போகாம்பஸ்தான் கார்டிசோலுக்குப் பிரேக் போடும் இடங்களில் ஒன்று. பிரேக்குக்கே எண்ணெய் தேய்க்கிற மாதிரி ஆகிறது கதை. நாள்பட நாள்பட உடம்பில் சேரும் இந்தத் தேய்மானத்துக்கு 1993இல் அவர் தனியாக ஒரு பெயரும் வைத்தார்.

பஸ் பையனுக்கு வருகிறேன். அன்றைக்கு அவனுக்கு இருந்தது நெருக்கடி. சனிக்கிழமை நன்றாக இருந்தான் என்பதே அதற்குச் சாட்சி. ஆறு மாதம் கழித்து அவன் அப்பாவைப் பூ மார்க்கெட்டில் பார்த்தேன். மகன் லீவுக்கு வந்தால் ஆற்றுக்குக் குளிக்கப் போவதில்லை, கூட்டாளிகள் வந்து கூப்பிட்டாலும் எழுந்து போவதில்லை, ஐபிஎல்கூடப் பார்ப்பதில்லை, சும்மா படுத்தே கிடக்கிறான் என்றார். "வயித்து வலி நின்னுபோச்சுங்க, அதொண்ணு பரவால்ல" என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவனுடைய சனிக்கிழமையும் போய்விட்டது.

தமிழில் இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லைப் பத்திரிகைகள் இரண்டுக்கும் போடுகின்றன: பரீட்சைக்கு முந்தைய நாள் பதற்றத்துக்கும், மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும் நோய்க்கும். மருத்துவர்கள் பின்னதை மனச்சோர்வு என்கிறார்கள். சோர்வு என்றதும் ஒரு காபி குடித்தால் போய்விடும் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள், அது வேறு. நம் பக்கத்துச் சனங்கள் இரண்டு சொல்லையும் சொல்வதில்லை. "மனசு ஒரு மாதிரி இருக்குதுங்க" என்பார்கள், இல்லாவிட்டால் உடம்பின் மேல் போட்டுவிடுவார்கள்: தலை பாரம், அசதி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமில்லை. டாக்டரும் பி காம்ப்ளெக்ஸ் எழுதித் தந்துவிடுவார்.

நெருக்கடி காரணத்தோடு வரும். காரணம் விலகினால் கொஞ்சமாவது இறங்கும். மனச்சோர்வு காரணத்தைத் தாண்டித் தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்ட நிலை. இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடப்பது அல்லது எதிலும் ருசியில்லாமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு இவற்றில் சில கெடுவது. தன்மேலேயே வெறுப்பு, சாவைப் பற்றிய நினைப்பு. மருத்துவர்கள் கையில் ஒன்பதே கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு, 2001இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டாலே கவனித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாளில் முதல் கேள்வியே ருசியைப் பற்றியதுதான்.

அந்தத் தாளை வைத்துச் செய்ததுதான் இளம் ஊழியர்களைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நேர்மையான ஆராய்ச்சி. வேலை மனசைக் கெடுக்கிறதா, கெட்ட மனசுள்ளவர்களுக்கு வேலை பாரமாகத் தெரிகிறதா என்று பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை. நல்லா இருக்கிற ஆயிரம் பேரைப் பிடித்து, ஒரே நாளில் கடும் வேலைக்குள் தள்ளி வேடிக்கை பார்க்க எந்த விஞ்ஞானிக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு தொழிலில் அது வருடா வருடம் தானாகவே நடக்கிறது. மருத்துவம் படித்து முடித்தவர்கள் ஒரு குறிப்பிட்ட தேதியில் ஆஸ்பத்திரிக்குள் பயிற்சி டாக்டராக நுழைகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீஜன் சென் இதைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 740 பேரிடம் வேலையில் சேர்வதற்கு முன்பே அந்த ஒன்பது கேள்விகளைக் கேட்டார். சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்விகள். முன்னால் மனச்சோர்வுக் கோட்டைத் தாண்டியவர்கள் 3.9 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் அது சராசரியாக 25.7 சதவீதம்.

ஆட்கள் மாறவில்லை, அவர்கள் இருந்த இடம் மாறியது. 2010இல் வெளிவந்த இந்த ஆய்வு, யார் அதிகம் விழுந்தார்கள் என்றும் பார்த்தது. முன்பே மனச்சோர்வு வந்து போனவர்கள், சின்ன வயதில் வீட்டுச் சூழல் கடினமாக இருந்தவர்கள். வேலைக்குள் நுழைந்த பிறகு என்று பார்த்தால், வேலை நேரம் கூடியவர்களும் "நான் தப்புப் பண்ணிவிட்டேன்" என்ற நினைப்பைச் சுமந்தவர்களும். 2022இல் இதே குழு பதினோரு வருடத் தரவைச் சேர்த்து, 17,000க்கு மேற்பட்ட முதல் வருட டாக்டர்களை எண்ணிப் பார்த்தது. வாரம் 40, 45 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்பது கேள்வித் தாளில் மதிப்பெண் இரண்டு புள்ளிக்குள் கூடியது. 90 மணி நேரத்தைத் தாண்டியவர்களுக்கு ஐந்துக்கு மேல்.

நம் நாட்டில் 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு இதே விஷயத்தை விசாரித்தபோது, கேட்கப்பட்ட முதுநிலை மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது குழுவின் பரிந்துரை. உச்சவரம்பே 74! உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து போட்ட கணக்குப்படி, வாரம் 55 மணி நேரத்தைத் தொட்டாலே பக்கவாத அபாயம் 35 சதவீதம் ஏறுகிறது. எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும், தொண்ணூறு மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய நிறுவனத் தலைவர்கள் பேட்டி கொடுத்தபோது இந்தக் கணக்கு அவர்கள் மேஜையில் இருந்ததா என்று கேட்க ஆசைதான்.

ஆனால் மணி நேரத்தை மட்டும் எண்ணினால் கதை முழுதாக வராது. பஸ் பையனின் அப்பா விடிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு மொக்குப் பறிக்க இறங்குகிறார். மொக்கு விரிந்துவிட்டால் விலை போகாது. பறித்ததைச் சத்தி மார்க்கெட்டில் ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் போகும், அடுத்த வாரம் நூறுகளில் கிடக்கும். அவருக்கும் நிம்மதி இல்லை. கடன் இருக்கிறது, ஆள் கிடைப்பதில்லை. இருந்தாலும் இரண்டு விஷயம் அவரிடம் இருக்கிறது, மகனிடம் இல்லை.

ஒன்று, நேரம். மூன்று மணி என்றால் தினமும் மூன்று மணி. உடம்பின் கடிகாரம் ஹைப்போதலாமஸின் ஓரத்தில்தான் இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். கார்டிசோல் நடுராத்திரி வாக்கில் அடிமட்டத்தில் கிடந்து, விடியுமுன் ஏறத் தொடங்கி, எழுந்த அரை மணி, முக்கால் மணியில் உச்சிக்குப் போகும். சீக்கிரம் எழுவதை இந்தக் கடிகாரம் பொறுத்துக்கொள்ளும். வாரா வாரம் மாற்றுவதைத்தான் அதனால் தாங்க முடியாது. ஒரு மணி நேரம் நகர்ந்து கொடுக்க அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எட்டு மணி நேரம் நகர்ந்து முடிப்பதற்குள் அடுத்த ரோஸ்டர் வந்துவிடுகிறது.

இன்னொன்று, பிடி. லண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்கள் சுமார் 18,000 பேரைப் பின்தொடர்ந்தது. மேலே இருக்கும் அதிகாரிக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் மாரடைப்பு என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். மைக்கேல் மார்மட் எண்ணிப் பார்த்தால் தலைகீழ். கடைசிப் படியில் இருந்த ஊழியர்களின் இறப்பு விகிதம் மேல்படியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசம் மிச்சமிருந்தது. 1985இல் தொடங்கிய இரண்டாவது சுற்றில் அந்த மிச்சத்தின் ஒரு பங்குக்குக் காரணம் பிடிபட்டது: தன் வேலையைத் தான் எப்படிச் செய்வது என்பதில் எவ்வளவு சொல்லுரிமை இருக்கிறது என்பது. ராபர்ட் காரசெக் 1979இலேயே இதைச் சொல்லியிருந்தார். பாரம் அதிகம், பிடி அதிகம் என்றால் ஆள் வளர்வான். பாரம் அதிகம், பிடி இல்லை என்றால் உடைவான்.

வேலையில் புதிதாகச் சேர்ந்தவன் யார்? பாரம் முழுக்க அவன் தலையில், பிடி முழுக்க மற்றவர் கையில். எந்தப் பிராஜெக்ட், எந்த ஷிப்ட், பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் எத்தனை மாதம், அப்ரைசலில் என்ன எழுதுவார்கள், எதுவும் அவன் கையில் இல்லை. ஆஃபர் லெட்டர் கையில் வந்தும் வேலையில் சேரும் தேதிக்காக ஒரு வருடம், இரண்டு வருடம் காத்திருந்த பிள்ளைகள் கொங்கு மண்டலத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஏராளம். அப்படிக் காத்திருந்து சேர்ந்தவர்களும் இருந்த ஒரு கூட்டத்தில்தான் 2025 பிப்ரவரியில், சத்தி ரோட்டின் மறுமுனையான மைசூரில், இன்ஃபோசிஸ் பயிற்சி மையத்திலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்டோர் உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியேற்றப்பட்டார்கள்.

பிடி என்று நான் சொல்வதற்கு மூளைக்குள் ஓர் இடமும் உண்டு. 1967இல் பென்சில்வேனியாவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்குத் தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிற்பாடு தப்பிக்க வழி திறந்துவிட்டபோதும் பல நாய்கள் அசையாமல் படுத்தே இருந்தன. 'கையாலாகாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன' என்று விளக்கம் சொல்லப்பட்டு, அதுவே மனச்சோர்வுக்கு மாதிரியாகப் பல பத்தாண்டுகள் பாடமானது. அரை நூற்றாண்டு கழித்து 2016இல் அதே இருவரும் எழுதினார்கள்: நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். நீண்ட வதையின் முன் படுத்துவிடுவது கற்றுக்கொண்டதல்ல, பாலூட்டியின் பழைய சுபாவம். மூளைத்தண்டில் இருக்கும் செரோடோனின் நரம்புகள் அதைச் செய்கின்றன. கற்றுக்கொள்ளப்படுவது இன்னொன்று. "நான் செய்வதால் ஏதோ மாறுகிறது" என்று நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை கண்டுகொண்டால், அது அந்த நரம்புகளை அடக்கிவிடுகிறது. ஐம்பது வருடம் தங்கள் பேரில் ஓடிய கோட்பாட்டை ஆசிரியர்களே திருத்தி எழுதுவது விஞ்ஞானத்திலும் அடிக்கடி நடப்பதில்லை.

ஆக, படுத்துக்கிடக்கும் பையனைச் "சோம்பேறி" என்பதும், "மனத்தைரியம் இல்லை" என்பதும் உயிரியல்படியே தவறு. நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு நாள் யோகா வகுப்பு வைத்துவிட்டு ரோஸ்டரை மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரியே அனுப்பிக்கொண்டிருப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

லேப்டாப்காரர்களைப் பற்றி மட்டுமே இவ்வளவு எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. அதே புளியம்பட்டி, அன்னூர் வழியில் நூற்பாலைகள் இருக்கின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் விடுதியில் தங்கி, பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி நிற்கிறார்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிய 'சுமங்கலித் திட்டம்' இந்த வட்டாரத்தில்தான் பேர் வாங்கியது. வெளியே போக, போனில் பேச எல்லாவற்றுக்கும் வார்டனைக் கேட்க வேண்டிய விடுதிகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பிடி என்ற அளவுகோலில் வைத்தால் அவர்கள் நம் பஸ் பையனுக்கும் வெகு கீழே. ஆனால் 'இளம் ஊழியர் மனநலம்' என்று கருத்தரங்கு நடந்தால் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

வயதும் சேர்ந்துகொள்கிறது. வாழ்நாளில் வரும் மனநோய்களில் நான்கில் மூன்று 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005இல் வந்த அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது. முன்மூளை முழுதாக முற்றுவதும் இருபதுகளின் நடுவில்தான். படிப்பை முடித்து, வீட்டை விட்டு, முதல் சம்பளத்தில் கல்விக்கடன் தவணையும் கட்டத் தொடங்குகிற வயதும் அதுவே.

வைத்தியம் இருக்கிறது. 2018இல் 'லான்செட்' இதழில் 522 ஆய்வுகளையும் 1,16,000க்கு மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கான 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விட மேலாகவே வேலை செய்தன. வித்தியாசம் பிரமாதம் இல்லை, ஆனால் உண்டு. மூளையில் செரோடோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு என்ற பழைய எளிய விளக்கம் இன்று நிற்பதில்லை. மருந்து பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதனால்தான் பத்து நாளில் பாதிப் பட்டையோடு அலமாரிக்குப் போய்விடுகிறது.

எனக்கு அதைவிட ஆர்வமூட்டுவது கோவாவில் விக்ரம் படேல் குழு செய்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் டாக்டரோ உளவியல் பட்டதாரியோ அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களைப் பேச வைத்தார்கள். ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். "மனசு சரியானதும் செய்வோம்" என்று தள்ளிப்போட்டதில் மிகச் சின்னதாக ஒன்றை, மனசு சரியாகாதபோதே, நாளும் நேரமும் குறித்துச் செய்ய வைப்பதுதான் முறை. மூன்று மாதத்தில் குணமானவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. இது 2017இல் வந்தது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்? செலிக்மன், மேயர் சொன்னதோடு இது பொருந்துவதும் தற்செயலாக இருக்காது: சின்னதாக ஒன்றைச் செய்து, ஏதோ மாறுகிறது என்று முன்மூளைக்குக் காட்டுவது.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி, பரவலாகக் காணப்படும் மனநலச் சிக்கல் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சைக்கே வருவதில்லை. எங்கள் பக்கம் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஜாதகம் எடுத்துவிட்ட வீட்டில் பிள்ளைக்கு மனசுக்கு மாத்திரை என்ற பேச்சு வெளியே போகக் கூடாது. அதனால் சத்தியிலேயே பார்க்க முடிந்ததற்குக் கோவைக்குப் போவார்கள், தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க. பஸ்ஸுக்குக் கூடத் தயங்குபவர்களுக்கு 14416 இருக்கிறது. மத்திய அரசின் டெலிமானஸ் எண் அது, 2022 அக்டோபரிலிருந்து நாள் முழுக்கத் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிய நினைப்பு வந்துவிட்டால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி, கூட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பியும் கடைசியில் கோவைக்குத்தான் போனான், அம்மாவோடு. வேலைக்கு ஒரு மாதம் லீவு போட்டான், மாத்திரை சாப்பிட்டான். அப்பா தினமும் விடிகாலை அவனை எழுப்பி, பறிக்கச் சொல்லாமல் டார்ச் மட்டும் பிடிக்கச் சொன்னாராம். யாரும் சொல்லித் தந்து செய்ததில்லை. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மறுபடி பார்த்தேன். சனிக்கிழமை ஆற்றுக்குப் போனதைப் பற்றி அன்னூர் வரை பேசிக்கொண்டு வந்தான். வயிறு எப்படி என்று கேட்டேன்.

"இன்னும் லேசாப் பெசையுதுங்ண்ணா," என்றான். "ரோஸ்டர் இன்னும் வெள்ளிக்கெழம ராத்திரிதானுங்களே வருது."